அந்தமானில் தீவு விட்டுத் தீவு கப்பலில் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேரில். டிசம்பர் வந்துவிட்டால் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். டால்பின் தெரியுமா, முதலை கடிக்குமா, சிப்பி எடுத்து வரலாமா என்று எல்லா ஆண்டும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பெயர் விஷயம் ஒன்று. ஹேவ்லாக் தீவு 2018 முதல் ஸ்வராஜ் தீவு. நீல் தீவு அதே ஆண்டில் ஷஹீத் தீவு ஆனது. போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் புதிய பெயர்தான் இருக்கும், ஆனால் ஊர்ப் பேச்சில் இன்னும் பழைய பெயர்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

தீவுக்குத் தீவு போக எவ்வளவு நேரம் ஆகும்? பாய்மரக் கப்பலா?

பாய்மரம் கிடையாது, எல்லாம் எஞ்சின்தான். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போக அரசுக் கப்பலில் சுமார் இரண்டரை மணி நேரம், தனியார் வேகக் கப்பலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஹேவ்லாக்கிலிருந்து நீல் தீவு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின். தெற்கே லிட்டில் அந்தமான் போக வேண்டுமென்றால் ஒரு பகல் பொழுதே கப்பலில் கழியும்.

அந்தமான் நிக்கோபாரில் தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து எண்ணூறுக்கு மேல் இருக்கின்றன. மக்கள் குடியிருப்பவை முப்பத்தொன்றுதான். மற்றவை காடும் பறவையும் ஆமையும் வாழும் இடங்கள். கப்பல் அவற்றின் ஓரமாகத்தான் போகிறது.

சென்னையிலிருந்தே கப்பல்ல வந்துடலாமா? வழியில ஏதாவது பார்க்கலாமா?

வரலாம். சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பல் வருகிறது, கிட்டத்தட்ட மூன்று நாள் பயணம். வங்காள விரிகுடாவின் நடுவில் இரண்டு நாள் கரையே கண்ணில் படாது. ஆழ்கடலில் உயிர்கள் பரந்து கிடப்பதால் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆனால் கோலா என்கிற பறக்கும் மீனும் சில சமயம் ஓங்கில் (டால்பின்) கூட்டமும் தெரியும். மூன்றாம் நாள் காலையில் பறவைகள் கண்ணில் பட ஆரம்பித்தால் தீவு பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். விமானத்துக்குக் காசு இருக்கிறதே என்று இதை ஒதுக்காதீர்கள். ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டிய பயணம் இது. ஆனால் வருகிற தேதி மாறும், திரும்பும் டிக்கெட்டை இறுக்கமாகப் போட வேண்டாம்.

எந்த மாசம் கடல் அமைதியா இருக்கும்?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அதிலும் பிப்ரவரி, மார்ச்சில் சில நாள் கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி கிடக்கும். அப்படிப்பட்ட நாளில் அரை மைல் தள்ளி ஒரு ஆமை மூச்சு விடத் தலை நீட்டினாலும் தெரிந்துவிடும். மே நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும். நம் ஊர் மீனவர்கள் சோழகம் என்று சொல்கிறார்களே, அந்தக் காற்றுதான். அது அடிக்கும்போது வெள்ளை நுரைகளுக்கு நடுவே எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் பயம் உண்டு, கப்பல்கள் ரத்தாகும்.

அரசுக் கப்பலா, தனியார் கப்பலா? எது நல்லது?

சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமென்றால் தனியார். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரசுக் கப்பல், சந்தேகமே வேண்டாம். பெரும்பாலான தனியார் வேகக் கப்பல்களில் ஏசி அறைக்குள், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். உப்புத் தெறித்து அந்தக் கண்ணாடி பத்து நிமிடத்தில் மங்கிப்போகும். சிலவற்றில் மட்டும் திறந்த மேல்தளம் உண்டு, டிக்கெட் போடும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசுக் கப்பலில் மேல்தளத்தில் நின்றபடியே போகலாம், வேகமும் குறைவு.

இவ்வளவு செலவு செய்து வருகிறவர்கள் கப்பலை வெறும் பஸ் மாதிரி நினைத்து, உள்ளே தூங்கிக்கொண்டே போய் இறங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. கரையில் இறங்கித் தேடும் பல உயிர்கள் அந்த இரண்டரை மணி நேரத்தில் பக்கத்திலேயே வந்து போகின்றன.

எனக்குக் கப்பல்னாலே குமட்டும். என்ன பண்றது?

கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. அங்கே, காற்று படும் இடத்தில் நின்று அடிவானத்தைப் பாருங்கள். போனைப் பார்க்க வேண்டாம். காலையில் வெறும் வயிறும் கூடாது, முட்டச் சாப்பிடவும் கூடாது. இரண்டு இட்லி போதும். மாத்திரை போடுவதானால் மருத்துவரைக் கேட்டு, கப்பல் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன் போடுங்கள். வாந்தி வந்த பிறகு போட்டால் பயனில்லை. சில மாத்திரைகள் தூக்கத்தைத் தரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டால்பின் கட்டாயம் தெரியுமா? எந்தப் பக்கம் நிக்கணும்?

கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வாய்ப்பு நன்றாகவே உண்டு. தமிழ்நாட்டு மீனவர்கள் இதை ஓங்கில் என்பார்கள். நம் கடலில் அதிகம் தெரிவது இரண்டு வகை. ஒன்று, மூக்கு பாட்டில் கழுத்து மாதிரி இருக்கும் வகை. இன்னொன்று, தண்ணீரை விட்டு எழும்பி பம்பரம் மாதிரி சுழன்று விழும் வகை.

நிற்க வேண்டிய இடம் அணியம், அதாவது கப்பலின் முன்பக்கம். அங்கே போக விடமாட்டார்கள் என்றால், முடிந்தவரை முன்னால், வெயில் முதுகில் படுகிற பக்கமாக நில்லுங்கள். வெயிலுக்கு எதிரே பார்த்தால் கண் கூசும், எதுவும் தெரியாது. கப்பல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது முன்னால் ஒரு அழுத்த அலை உருவாகிறது. ஓங்கில்கள் அதில் ஏறிக்கொண்டால் வாலை அதிகம் அடிக்காமலே கப்பல் வேகத்தில் போகலாம். அதனால்தான் தேடி வருகின்றன. ஒரு பிப்ரவரி காலை, கப்பல் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம் இருக்கும். ஐந்து ஓங்கில்கள் என் காலுக்கு நேர் கீழே நீந்தின. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கண்ணால் மேலே பார்த்தது. அதன் முதுகுத்துடுப்பின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. மூச்சு விடும்போது ‘புஸ்’ என்று ஒரு சத்தம், அப்புறம் முகத்தில் மெல்லிய தூறல். ஏழெட்டு நிமிடம் இருந்தன, பிறகு ஒரே நேரத்தில் எல்லாம் விலகிப் போயின.

மீன் பறக்குதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். நாகப்பட்டினம் பக்கம் கோலா என்று பிடித்து விற்கிற அதே மீன் குடும்பம். பெரிய மீன் துரத்தினாலோ கப்பல் நெருங்கினாலோ வாலை வேகமாக அடித்து மேலே எழும்பி, நெஞ்சுத் துடுப்புகளை விரித்து மிதந்து போகும். சிறகடிக்காது. ஐம்பது மீட்டர் வரை சாதாரணமாகப் போகும். முதல் முறை பார்க்கிறவர்கள் சின்னப் பறவை என்றே நினைப்பார்கள். தண்ணீரில் விழுந்து திரும்ப வராவிட்டால் மீன் என்று தெரிந்துகொள்ளலாம்.

திமிங்கலம் தெரியுமா?

அபூர்வம். தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் அதை நம்பி வராதீர்கள். திமிங்கலம் பார்ப்பதுதான் ஆசை என்றால் இலங்கை போங்கள். தெற்கே மிரிஸ்ஸாவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நீலத் திமிங்கலம் தெரியும். கிழக்கே திருகோணமலையில் மே மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம். அங்கே கரைக்குப் பக்கத்திலேயே கடல் சட்டென்று ஆழமாகிவிடுவதால் அவை கிட்டே வருகின்றன.

கடற்பசு இங்கேதான் இருக்காமே?

அந்தமான் நிக்கோபாரின் மாநில விலங்கே அதுதான். ராமநாதபுரம் பக்கம் ஆவுளியா என்பார்கள். கடற்புல்லை மேய்ந்து வாழும் பெரிய, சாதுவான பிராணி. தமிழ்நாட்டு அரசு 2022ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை இதற்காகவே காப்பகமாக அறிவித்தது, அதே இனம்தான் இது. நீல், ஹேவ்லாக் பக்கத்துக் கடற்புல் திட்டுகளில் உண்டு. ஆனால் நான் இத்தனை ஆண்டில் பார்த்தது இரண்டே முறை. மூக்குத் துளையை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிவிட்டு அமுங்கிவிடும்.

ஒரு கன்று வயிற்றில் பதின்மூன்று, பதினான்கு மாதம் இருக்கிறது. அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகும். ஒன்று படகில் அடிபட்டுச் செத்தால் அந்த இடத்தை நிரப்ப எவ்வளவு காலம் ஆகும் பாருங்கள். கடற்புல் இருக்கும் ஆழமில்லாத இடத்தில் படகு வேகமாகப் போனால், மெதுவாகப் போகச் சொல்லுங்கள். அங்கே வேகம் வேண்டாம் என்று நீங்கள் கேட்டால் பெரும்பாலான படகுக்காரர்கள் குறைப்பார்கள்.

சுறா இருக்குமே, குளிக்கப் பயமா இருக்கு.

சுறா இருக்கிறது. பவளப்பாறை ஓரத்தில் சிறிய சுறாக்களை ஸ்கூபா செய்கிறவர்கள் அடிக்கடி பார்ப்பார்கள், அவை விலகிப் போய்விடும். இங்கே பயப்பட வேண்டியது முதலைக்கு. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கடல்ல போய் முதலையா? சும்மா சொல்றீங்களா?

சும்மா சொல்லவில்லை. இது செம்மூக்கு முதலை, உப்புத் தண்ணீரில் வாழும் வகை. உலகில் இருக்கும் முதலைகளிலேயே பெரியது. அலையாத்திக் காட்டுக் கழிகளில் முட்டையிடும், ஆனால் கடலில் நீந்தி ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கே போய்விடும். 2010ல் ஹேவ்லாக்கில், கடலில் நீந்திக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாப் பயணியை முதலை கொன்றது. தெளிந்த நீலக் கடல், வெள்ளை மணல், எல்லோரும் படம் எடுக்கும் கடற்கரைக்குப் பக்கம். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எச்சரிக்கைப் பலகை இருந்தால் அங்கே இறங்காதீர்கள். கடலில் கழி வந்து கலக்கும் இடத்தில் குளிக்காதீர்கள், அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. விடியலிலும், பொழுது சாய்ந்த பிறகும் தண்ணீரில் நிற்க வேண்டாம். வண்டூர் மாதிரிச் சில கடற்கரைகளில் வலை கட்டியிருக்கிறார்கள், அதற்கு உள்ளேயே இருங்கள். பாராடங்கில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகும்போது குழந்தைகள் தண்ணீரில் கையை விட்டு விளையாடுவார்கள். அதை மட்டும் விடாதீர்கள்.

இதற்காகக் கடலில் குளிக்கவே கூடாது என்று இல்லை. உயிர்காப்பாளர் நிற்கும் கடற்கரையில், பகலில், ஆட்களோடு குளிக்கலாம். நானும் என் வீட்டுக் குழந்தைகளும் வாரம் தவறாமல் குளிக்கிறோம்.

ஆமையோட நீந்தலாமா? ஆமை முட்டையிடறதைப் பார்க்க முடியுமா?

நீல் தீவுப் பக்கம் பேராமை கடற்புல் மேய வரும். நீந்தும்போது எதிரே வந்தால் அப்படியே அசையாமல் மிதங்கள். அது உங்களைத் தாண்டி மேய்ந்துகொண்டே போகும். அழுங்காமை பவளப்பாறை இடுக்கில் மூக்கை விட்டுக் கடற்பஞ்சைக் கொத்திக்கொண்டிருக்கும். மேலே போய் மறிக்காதீர்கள், அது மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். ஓட்டைத் தொடுவதும், பிடித்துக்கொண்டு நீந்துவதும் சட்டப்படி குற்றம்.

முட்டையிடுவதைப் பார்க்க வடக்கே டிக்லிப்பூர் பக்கத்துக் காலிப்பூர் கடற்கரைக்குப் போக வேண்டும். டிசம்பர் முதல் சில மாதங்கள் பங்குனி ஆமைகள் ஏறும். வனத்துறை முட்டைகளை எடுத்து வேலி போட்ட இடத்தில் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறது. ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும். பொரிக்க ஒன்றரை, இரண்டு மாதம். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு அதிகம். ஒரு மாலை நான் நின்றபோது அறுபது எழுபது குஞ்சுகளை மணலில் விட்டார்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் பாதிதான். ஒன்று என் காலடித் தடத்துக்குள் விழுந்து ஏற முடியாமல் துடுப்பை அடித்தது. வனக்காவலர் கையால் தூக்கவில்லை. தடத்தின் ஓரத்தை விரலால் தட்டிச் சமப்படுத்தினார், அது ஏறிப் போனது. அங்கே போனால் டார்ச், பிளாஷ் வேண்டாம். குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும்.

கடல் பாம்பு கடிச்சா என்ன ஆகும்?

நீலச் சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டைகளோடு இருக்கும் பாம்பை இங்கே பாறை இடுக்கில் அடிக்கடி பார்க்கலாம். முட்டையிடவும் இளைப்பாறவும் கரைக்கு ஏறும். விஷம் மிகக் கடுமையானது, சுபாவம் மிகக் கூச்சமானது. வாய் சின்னது, கடிக்க முடியாது என்று சிலர் சொல்வது தவறு, கடிக்க முடியும். நம் நாட்டு மருத்துவமனைகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து தரையில் வாழும் நாலு வகைக்கானது, இதற்கு வேலை செய்யாது. கையில் எடுக்காமல் இருந்தால் போதும், அது தானாக உங்களைத் தேடி வராது.

தண்ணில ஏதாவது கொட்டிட்டா உடனே என்ன பண்ணணும்?

எது கொட்டியது என்பதைப் பொறுத்தது. சொறி, அதாவது ஜெல்லி மீன் பட்டால் வினிகரை ஊற்றுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணலால் தேய்க்காதீர்கள், இரண்டும் மிச்ச விஷத்தையும் வெளியே வரவைக்கும். கல் மீன், திருக்கை இவற்றின் முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில், கிட்டத்தட்ட 45 டிகிரி வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைக்க வேண்டும். சூடு விஷத்தின் வேகத்தைக் குறைக்கும். முதலில் நல்ல காலை விட்டுச் சூடு பாருங்கள், வலியில் இருக்கும் கால் வெந்துபோனாலும் தெரியாது. மூச்சு முட்டினாலோ, உடம்பு தளர்ந்தாலோ எதற்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பவளப்பாறை எல்லாம் செத்துப்போச்சுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. 2010ல் கோடையில் கடல் சூடாகிப் பெரிய அளவில் வெளுத்தது. 2016லும் வெளுத்தது. பவளத்துக்குள் வாழும் பாசிதான் அதற்குச் சோறும் நிறமும் தருகிறது, சூடு தாங்காமல் அதைத் துப்பிவிடும்போது வெள்ளையாகிறது. சீக்கிரம் சூடு தணிந்தால் பிழைக்கும். 2004 சுனாமியின்போது வட அந்தமானில் நிலம் மேலே எழும்பி, சில இடங்களில் பவளப்பாறை தண்ணீருக்கு வெளியே வந்து காய்ந்தது. இருந்தும் நல்ல இடங்கள் இன்னும் இருக்கின்றன.

வண்டூரில் 1983ல் ஏற்படுத்திய மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் ஜாலி பாய் தீவுக்குப் போங்கள். பிளாஸ்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள், சோதனை கண்டிப்பாக இருக்கும், அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். பாறை மேல் மட்டும் நிற்காதீர்கள். உருண்டையான பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். கிளி மீன் பாசியோடு பவளத்தையும் கறும்பித் தின்று மணலாக வெளியே தள்ளுகிறது. நீங்கள் படுத்திருக்கும் வெள்ளை மணலில் பெரும்பங்கு அப்படி வந்ததுதான். அது தன் வேலையைப் பார்க்கட்டும்.

கரையில கிடக்கற சிப்பிதானே, ஒண்ணு எடுத்தா என்ன?

விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்யும்போது வெளியே வரும். எடுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொள்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பவளத் துண்டு, பெரிய சிப்பி வகைகள், கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகின்றன. அதற்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. எது அந்தப் பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்று கரையில் நின்று உங்களால் பிரிக்க முடியாது, அதனால் எதையும் எடுக்காதீர்கள். அனுமதி பெற்ற கடையில் வாங்கினால் பில்லைக் கையிலேயே வைத்திருங்கள். காலி சங்குக்குள் துறவி நண்டு குடியிருக்கும் என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த ஓடு கிடைக்கும்வரை அதற்கு வேறு வீடு இல்லை.

ராத்திரி கடல் மின்னுமாமே, எங்கே பார்க்கலாம்?

ஹேவ்லாக்கில் பார்க்கலாம், அமாவாசைக்கு நெருங்கிய நாளாக இருக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அசைத்தால் நீலமாக ஒளி விடும். துடுப்பு வலித்தால் துடுப்பின் ஓரம் எரிகிற மாதிரி இருக்கும். வழிகாட்டியோடு படகில் போங்கள். இருட்டில் நீங்களாக இறங்காதீர்கள், காரணத்தை முதலைக் கேள்வியில் சொல்லிவிட்டேன்.

எரிமலைத் தீவுக்குப் போகலாமா? சென்டினல் தீவை தூரத்திலிருந்தாவது பார்க்கலாமா?

பாரன் தீவு (Barren Island) போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர். தெற்காசியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை இது ஒன்றுதான். 1991ல் மீண்டும் வெடிக்க ஆரம்பித்து அவ்வப்போது புகைந்துகொண்டிருக்கிறது. இறங்க அனுமதியில்லை, அனுமதி பெற்ற கப்பலில் சுற்றி வந்து பார்க்கலாம்.

வட சென்டினல் தீவு கூடவே கூடாது. அதைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் யாரும் போகக் கூடாது என்பது சட்டம். வெளியுலகத் தொடர்பில்லாமல் அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு நம் சளிக் காய்ச்சலே எமனாகலாம். அங்கே கூட்டிப்போகிறேன் என்று எந்தப் படகுக்காரர் சொன்னாலும் அவரோடு வேறு எங்கேயும் போகாதீர்கள்.

படகுக்காரர் ஓங்கிலைத் துரத்திக் காட்டறேன்னு சொல்றாரு. காசு கொடுக்கலாமா?

வேண்டாம். ஒருமுறை நான் ஏறிய டுங்கியில், இங்கே சிறு எஞ்சின் படகுக்கு அதுதான் பெயர், ஓட்டுநர் ஒரு கூட்டத்தை இருபது நிமிடம் விடாமல் விரட்டினார். கூட்டத்தில் தாயும் குட்டியும் இருந்தன. குட்டி மூச்சுக்கு வரும் இடைவெளி குறைந்துகொண்டே வந்ததைக் கண்ணால் பார்த்தேன். நான்தான் போதும் என்று சொல்லியிருக்க வேண்டும், படகில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்ததால் முதல் பத்து நிமிடம் வாயைத் திறக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

உலகில் பல இடங்களில் பின்பற்றும் கணக்கு இது: ஓங்கிலுக்கு ஐம்பது மீட்டர், திமிங்கலத்துக்கு நூறு மீட்டர். எஞ்சினைக் குறைத்து, பக்கவாட்டில் அதே திசையில் போக வேண்டும். எதிரே போய் மறிக்கவோ கூட்டத்தின் நடுவே புகவோ கூடாது. அவற்றுக்கு விருப்பமிருந்தால் தாமாக வந்து அணியத்தில் ஏறிக்கொள்ளும், முன்பே சொன்ன மாதிரி. ஏறும் முன்பே ஓட்டுநரிடம் “அண்ணே, துரத்த வேண்டாம், நின்னு பார்த்தா போதும், அதே காசு தர்றோம்” என்று சொல்லிவிடுங்கள். காசு குறையாது என்று தெரிந்தால் யாரும் டீசலை வீணாக்க மாட்டார்கள்.

நாலு நாள்தான் இருக்கு. எதை விடக்கூடாது?

ஒரு காலை அரசுக் கப்பலில் ஹேவ்லாக், மேல்தளத்தில் நின்றபடி. ஒரு பகல் ஜாலி பாய். ஒரு காலை நீல் தீவில், நீர் வற்றும் நேரத்தில் பாறைக் குட்டைகளைக் குனிந்து பார்க்க. மிச்ச நாளைக் கப்பல் தாமதத்துக்கு விட்டுவையுங்கள். தொப்பி, முழுக்கைச் சட்டை, தண்ணீர் நிரப்பிய ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பைனாகுலர் இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஜெட்டிக்கு வரும்போது சொல்லுங்கள், என்னுடையதைத் தருகிறேன்.